டர்லோ ஓ'கேரலன்: படைப்பு வாழ்க்கையும் மதிப்பீடும்

டர்லோ ஓ'கேரலன் (1670 - மார்ச் 25, 1738) அயர்லாந்தைச் சேர்ந்த ஹார்ப் இசைக் கலைஞர், இசையமைப்பாளர், பாடலாசிரியர். பதினெட்டு வயதில் பெரியம்மையால் பார்வையை இழந்தவர். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் குதிரையில் ஊர் ஊராகச் சென்று, தம்மை வரவேற்ற குடும்பங்களின் பெயரில் மெட்டுகள் அமைத்தார். அவற்றுள் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. இன்று கெல்டிக் இசை என்று அழைக்கப்படும் மரபில், பழைய மெட்டுகளில் பெரும்பாலானவற்றை இயற்றியவர் யார் என்று தெரியாது. பெயரும் வாழ்க்கையும் தெரிந்த மிகச் சிலருள் கேரலன் முதன்மையானவர்.

அவரை 'அயர்லாந்தின் கடைசிப் பாணர்' என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1760-ல் எழுதிய கட்டுரை வழியாக இந்தப் பட்டம் பரவியது. அது கேரலனுக்குப் பெருமை சேர்த்தாலும் அவருடைய படைப்பின் தன்மையைச் சரியாகச் சொல்வதில்லை. பழைய பாணர் மரபின் விதிகள் பலவற்றிலிருந்து அவர் விலகினார். அந்த விலகலே அவருடைய இசை நிலைத்ததற்குக் காரணம். அந்த இசையில் ஒரு பாதி மறைந்துபோனதற்கும் அதில் பங்கு உண்டு.

காலப் பின்னணி

பழைய அயர்லாந்தில் ஹார்ப் அரசவைக்குரிய கருவி. யாழ் இனத்தைச் சேர்ந்த இந்த நரம்புக் கருவிக்கு அங்கே பித்தளை முதலிய உலோகக் கம்பிகளைக் கட்டினர். வளர்த்த விரல் நகங்களால் அவற்றை மீட்டினர். இடக்கை மேல் சுரங்களையும் வலக்கை கீழ்ச் சுரங்களையும் வாசித்தது. மீட்டிய கம்பி நெடுநேரம் ஒலிக்கும் என்பதால், தேவையற்ற ஒலியை விரலால் தொட்டு அடக்குவதும் கலையின் பகுதியாக இருந்தது. இதைக் கற்பவர்கள் பத்து வயதை ஒட்டியே பயிற்சியைத் தொடங்கினர்.

ஐரிஷ் குறுநில மன்னர்களின் அவைகளில் கவிதை இயற்றும் புலவர், அதைப் பாடுபவர், ஹார்ப் வாசிப்பவர் என மூவர் தனித்தனியே இருந்தனர். புலவரின் சொல்லே முதன்மையானது. இசை அதற்குத் துணையாக வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் போர்களில் இந்த மன்னர் குடிகள் நிலமிழந்தன. 1691-ல் லிமரிக் உடன்படிக்கையுடன் போர் முடிந்தது. அதன்பின் கத்தோலிக்கர்களின் சொத்துரிமையையும் கல்வியையும் ஒடுக்கும் சட்டங்கள் வந்தன. அவைகள் மறைந்தபின் ஹார்ப் கலைஞர்களுக்கு எஞ்சியது சாலை மட்டுமே. வீடு வீடாகச் சென்று வாசித்துப் பிழைக்கும் நாடோடிகளாக அவர்கள் மாறினர். கேரலன் தம் தொழிலைத் தொடங்கியதும் அதே 1691-ஐ ஒட்டித்தான்.

பிறப்பும் பயிற்சியும்

கேரலன் அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் நாபர் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். குடும்பம் வடமேற்கே ராஸ்காமன் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆல்டர்ஃபோர்ட் மாளிகையில் வாழ்ந்த மக்டெர்மட் ரோ குடும்பத்திடம் தந்தைக்கு வேலை கிடைத்தது. அந்த வீட்டின் தலைவி சிறுவனின் அறிவைக் கண்டு அவனுக்குக் கல்வி கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

பதினெட்டு வயதில் பெரியம்மை வந்து பார்வை போயிற்று. பார்வையற்றவர்களுக்கு மதிப்பான தொழிலாக அன்று இருந்தவற்றுள் ஹார்ப் இசை ஒன்று. திருமதி மக்டெர்மட் ரோ அவரை மூன்று ஆண்டுகள் ஹார்ப் பயில வைத்தார். இருபத்தொன்றாம் வயதில் ஒரு குதிரையும், வழிகாட்ட ஓர் ஆளும், கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார்.

இந்த மூன்று ஆண்டுக் கணக்கு முக்கியமானது. பிள்ளைப் பருவத்திலேயே விரல்களைப் பழக்கியவர்களோடு, பதினெட்டு வயதுக்குமேல் தொடங்கிய ஒருவர் போட்டியிட வேண்டியிருந்தது. கேரலன் சிறந்த வாசிப்பாளர் என்று அக்காலத்துக் கலைஞர்கள் கருதவில்லை. அவருடைய படைப்பு வாழ்க்கை இந்தக் குறையிலிருந்தே தொடங்கியது.

முதல் மெட்டு

பயணத்தின் தொடக்கத்தில் கேரலன் லீட்ரிம் மாவட்டத்தில் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவரின் வீட்டுக்குச் சென்றார். ரெனால்ட்ஸ் தாமே ஹார்ப் வாசிக்கவும் கவிதை எழுதவும் தெரிந்தவர். கேரலனின் வாசிப்பைக் கேட்ட அவர், விரல்களைவிட மூளையைக் கொண்டு இவர் அதிகம் சாதிக்கக்கூடும் என்று கருத்துச் சொன்னதாகக் குறிப்பு உண்டு. அருகிலுள்ள இரண்டு குன்றுகளைப் பற்றிய நாட்டார் கதையையும் சொல்லி, அதைப் பாடலாக்கும்படி தூண்டினார். அந்தக் குன்றுகளில் வாழும் இரு தேவதைக் கூட்டங்கள் ஒன்றோடொன்று போரிட்டன என்பது கதை. அப்படிப் பிறந்ததே 'ஷீ வெக் ஷீ வோர்' என்னும் மெட்டு. சிறிய தேவதைக் குன்று, பெரிய தேவதைக் குன்று என்பது அதன் பொருள்.

போரைப் பற்றிய பாடல் என்றாலும் இந்த மெட்டில் போரின் ஓசை இல்லை. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் மெல்ல நடக்கும் அமைதியான இசை இது. இதன் ஒரு பகுதி பழைய நாட்டார் பாடல் ஒன்றின் மெட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஆய்வாளர் டோனல் ஓ'சல்லிவன் காட்டியுள்ளார். ஆகவே கேரலனின் முதல் படைப்பே முழுக்கப் புதியதன்று. ஆனால் இரவலாகப் பெற்றதையும் தம் குரலாக மாற்றும் திறன் அதிலேயே தெரிகிறது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கெல்டிக் இசை பயிலும் மாணவர்கள் தொடக்கத்தில் கற்கும் மெட்டுகளில் இது ஒன்று.

புரவலர்களும் 'பிளாங்ஸ்டி'யும்

கேரலன் ஒரு வீட்டுக்குச் செல்லும் வழியிலேயே அந்த வீட்டாருக்கான மெட்டை மனத்தில் அமைத்துக்கொள்வார். குதிரைமீது அமர்ந்து, சட்டைப் பொத்தான்களை இசைக்கோடுகளாகக் கொண்டு விரலால் தொட்டுச் சுரங்களைக் கணக்கிட்டார் என்று ஒரு கதை உண்டு. இப்படி ஒருவரைச் சிறப்பித்து அமைத்த மெட்டுகளுள் பல 'பிளாங்ஸ்டி' என்ற சொல்லோடு வழங்குகின்றன. 'பிளாங்ஸ்டி இர்வின்', 'பிளாங்ஸ்டி ஜார்ஜ் பிரேபசன்' ஆகியவை புகழ்பெற்றவை. 'ஃபேனி பவர்' என்னும் மெட்டு, லாக்ரே ஊரை அடுத்த கூரீன் மாளிகையின் மகளுக்காக, 1732-ல் அவருக்குத் திருமணம் நடப்பதற்குமுன் அமைக்கப்பட்டது.

இந்தப் புரவலர் பட்டியல் கவனிக்கத்தக்கது. நிலமிழந்த பழைய ஐரிஷ் குடிகளும் அதில் உண்டு. அந்த நிலங்களைப் பெற்ற ஆங்கிலேய மரபினரும் உண்டு. கேரலன் இரு தரப்பினரின் வீடுகளிலும் உண்டார், குடித்தார், வாழ்த்தினார். பழைய புலவர் ஒருவர் இதைத் துரோகம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பார்வையற்ற நாடோடிக் கலைஞருக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி குறைவு. அவருடைய மெட்டுகள் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்ததால்தான் இரு தரப்பு வீடுகளிலும் அவை பாதுகாக்கப்பட்டன. பின்னாளில் பகை மறந்து எவரும் அவற்றை வாசிக்கவும் முடிந்தது.

அவர் காலத்து அரசியலும் அவருடைய இசையில் தலைகாட்டியது. வில்லியம் உட் என்பவர் அயர்லாந்துக்கென அடித்த அரைப்பென்னி நாணயங்களை எதிர்த்து 1724-ல் ஜோனதன் ஸ்விஃப்ட் கடிதங்கள் எழுதினார். மக்கள் அந்த நாணயத்தை ஏற்க மறுத்தனர். உட் புலம்புவதாக ஒரு நகைச்சுவை மெட்டைக் கேரலன் அமைத்தார். ஓ'ரூர்க் குலத்தின் விருந்தைப் பற்றிய ஐரிஷ் பாடல் ஒன்றுக்குக் கேரலன் இசையமைத்திருந்தார். அதன் சொற்களை ஸ்விஃப்ட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

மெட்டு முன், சொல் பின்

பழைய மரபில் கவிதை முதலில் பிறக்கும். இசை அதைத் தாங்கிச் செல்லும். கேரலன் இந்த வரிசையை மாற்றினார். முதலில் மெட்டை அமைத்தார். பிறகே அதற்கேற்ற ஐரிஷ் சொற்களை எழுதினார். சில மெட்டுகளுக்குச் சொற்களே எழுதவில்லை.

இதன் விளைவு அவருடைய கவிதைகளில் தெரிகிறது. அவற்றில் பெரும்பாலானவை புரவலரின் குலப்பெருமை, வீட்டுப் பெண்களின் அழகு, விருந்தின் நிறைவு ஆகியவற்றைச் சொல்லும் வாய்ப்பாட்டு வாழ்த்துகள். ஐரிஷ் கவிதை வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம் தரப்படுவதில்லை. பல மெட்டுகளின் சொற்கள் இன்று கிடைப்பதும் இல்லை.

ஆனால் சொல் தளர்ந்த இடத்தில் இசை விடுதலை பெற்றது. யாப்பின் அளவுக்குக் கட்டுப்பட வேண்டிய தேவை மெட்டுக்கு இல்லாமல் போயிற்று. ஐரிஷ் நடன இசை எட்டெட்டு அளவுகளில் சீராக அமையும். கேரலனின் மெட்டுகள் பலவும் அந்தக் கட்டத்துக்குள் நிற்பதில்லை. முதல் பகுதியைவிட இரண்டாம் பகுதி நீண்டு செல்லும். முடிந்துவிட்டது என்று எண்ணும் இடத்தில் இன்னொரு சொற்றொடர் தொடங்கும். பேச்சுக்கிடையே நினைவு வந்து மேலும் சொல்பவரைப் போன்ற இயல்பு அவற்றில் உண்டு.

இத்தாலியச் செல்வாக்கு

அக்கால டப்ளினில் இத்தாலிய இசை பெரும் செல்வாக்குடன் இருந்தது. கொரெல்லி, விவால்டி ஆகியோரின் படைப்புகள் செல்வர்களின் வீடுகளில் வாசிக்கப்பட்டன. ஜெமினியானி 1733-ல் டப்ளினுக்கே வந்தார். கேரலன் இந்த இசையைச் செவிவழி கேட்டு விரும்பினார்.

இதைப் பற்றிய ஒரு கதை பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரு பிரபுவின் வீட்டில் வயலின் கலைஞர் ஒருவர் கடினமான இத்தாலிய இசைப் பகுதி ஒன்றை வாசித்தார். கேரலன் அதை ஒருமுறை கேட்டு அப்படியே ஹார்ப்பில் திருப்பி வாசித்தார். பின்னர் அதே பாணியில் தாமே ஒன்றை அங்கேயே அமைத்தார். அதுவே 'கேரலனின் கன்செர்ட்டோ' என்பது கதை. கலைஞரின் பெயர் ஒவ்வொரு வடிவத்திலும் மாறுவதால் இதை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் அந்த மெட்டில் இத்தாலியத் தாக்கம் இருப்பது உண்மை. ஒரு சிறு சொற்றொடரை ஒவ்வொரு சுரமாக இறக்கித் திரும்பச் சொல்லும் முறை இத்தாலிய இசையிலிருந்து வந்தது.

இந்தத் தாக்கம் எல்லா இடத்திலும் நன்மை செய்ததாகச் சொல்ல முடியாது. கன்செர்ட்டோவில் உற்சாகம் உண்டு, துள்ளல் உண்டு. ஆனால் சில பெரிய மெட்டுகளில் படியிறக்கச் சொற்றொடர்கள் அளவுக்கு மீறி வருகின்றன. அங்கே கேரலன் தாம் கேட்ட இசையைப் போலச் செய்ய முயல்கிறார் என்ற எண்ணம் எழுகிறது. 'எலினார் பிளங்கெட்', 'ஷீ வெக் ஷீ வோர்' போன்ற சிறிய, மெதுவான மெட்டுகளில் அந்த முயற்சி தெரிவதில்லை. இத்தாலிய இசை அவருக்குக் கற்றுத்தந்த ஒழுங்கும், அயர்லாந்தின் பழைய பாடல் தந்த நெகிழ்வும் அவற்றில் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன. அவருடைய சிறந்த படைப்புகள் இவையே.

மரபின் உள்ளிருந்து வந்த மறுப்பு

கேரலனின் புதுமையைச் சக கலைஞர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. டெனிஸ் ஹெம்ப்சன் என்னும் பார்வையற்ற ஹார்ப் கலைஞர் இளமையில் கேரலனுடன் பழகியவர். ஆயினும் அவருடைய மெட்டுகளை வாசிப்பதில் அவர் ஆர்வம் காட்டவில்லை. பழைய மெட்டுகளையே வாசித்தார். 1792-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் எஞ்சியிருந்த ஹார்ப் கலைஞர்களை ஒன்றுகூட்டி விழா நடத்தினர். அயர்லாந்தின் கலைஞர்கள் பத்துப் பேர் மட்டுமே வந்தனர். அவர்களுள் நகத்தால் மீட்டும் பழைய முறையை அறிந்தவர் ஹெம்ப்சன் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 97 என்று பதிவு செய்யப்பட்டுள்ளது.

ஹெம்ப்சனின் மறுப்பைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அவர் காத்த பழைய மெட்டுகள் அந்தக் கருவியிலிருந்தே பிறந்தவை. கம்பியின் நீண்ட ஒலி, அதை அடக்கும் விரல், இரு கைகளும் பேசிக்கொள்ளும் முறை ஆகியவை இல்லாமல் அவற்றுக்கு உயிர் இல்லை. கேரலனின் மெட்டுகளை வயலினிலும் குழலிலும் வாசிக்கலாம், வாயாலும் முணுமுணுக்கலாம். விரல் வலிமை குறைந்த கலைஞர் கருவியைச் சார்ந்திராத மெட்டுகளை அமைத்தார். ஹார்ப் மரபு அழிந்தபோது அந்த மரபோடு சேர்ந்து அழியாமல் அவை தப்பியதற்கு இதுவே காரணம்.

இறுதிக்காலம்

கேரலன் ஃபெர்மனா மாவட்டத்தைச் சேர்ந்த மேரி மகுவயரை மணந்தார். லீட்ரிம் மாவட்டத்தில் மோஹில் ஊருக்கு அருகே சிறு பண்ணையில் குடும்பம் வாழ்ந்தது. ஆறு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர். 1733-ல் மேரி இறந்தபோது கேரலன் எழுதிய இரங்கற்பாடலில் வழக்கமான வாய்ப்பாடுகள் இல்லை. அவருடைய கவிதைகளுள் நேர்மையான துயரம் தெரிவது அதில்தான்.

1738-ல் உடல்நலம் குன்றியபோது அவர் ஆல்டர்ஃபோர்ட் மாளிகைக்குத் திரும்பினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் குதிரையும் பணமும் கொடுத்து அனுப்பிய திருமதி மக்டெர்மட் ரோ அப்போதும் உயிருடன் இருந்தார். அங்கே கேரலன் கடைசியாக ஹார்ப்பைக் கேட்டு வாங்கி வாசித்த மெட்டு 'இசைக்குக் கேரலனின் விடை' என்ற பெயரில் வழங்குகிறது. மார்ச் 25 அன்று மறைந்தார். துக்கம் நான்கு நாட்கள் நீண்டதாகக் கூறுவர். அருகிலுள்ள கில்ரோனன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறைந்த பாதி

1724-ஐ ஒட்டி டப்ளினில் நீல் குடும்பத்தார் வெளியிட்ட ஐரிஷ் இசைத் தொகுப்பில் கேரலனின் மெட்டுகள் இடம்பெற்றன. அச்சில் வந்த ஐரிஷ் இசைத் தொகுப்புகளில் அதுவே முதலாவது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகன் ஒரு தொகுப்பை வெளியிட்டார். பெல்ஃபாஸ்ட் விழாவில் எட்வர்ட் பன்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டு எழுதினார். அதன் அடிப்படையில் 1796-ல் முதல் நூலை வெளியிட்டார்.

இந்தப் பதிவுகளில் பெரும் குறை ஒன்று உண்டு. பெரும்பாலும் மேல் வரி மட்டுமே எழுதப்பட்டது. கேரலன் கீழ்ச் சுரங்களில் என்ன வாசித்தார் என்பது தெரியவில்லை. பதிப்பாளர்கள் பியானோவுக்கு ஏற்ப ஐரோப்பிய முறையில் கீழ் வரிகளைத் தாமே சேர்த்தனர். இன்று கேட்கப்படும் 'ஃபேனி பவர்' அல்லது 'பிளாங்ஸ்டி இர்வின்' எதுவாயினும், அதில் கேரலனுடையது மேல் வரி மட்டுமே. மற்றவை வாசிப்பவரின் கற்பனை. இரு கைகளால் வாசித்த கலைஞரிடமிருந்து ஒரு கையின் இசையே காலத்துக்கு வந்து சேர்ந்தது.

மெட்டு தனித்து நிற்கக்கூடியதாக இருந்ததால் அது காக்கப்பட்டது. அது தனித்து நின்றுவிட்டதால் எஞ்சியதை எழுதிவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இந்த ஆதாயமும் இழப்பும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

மறுமலர்ச்சி

1958-ல் டோனல் ஓ'சல்லிவன் கேரலனின் வாழ்க்கையையும் மெட்டுகளையும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றும் யாருக்காக அமைந்தது என்று தேடி எழுதினார். இன்றும் கேரலன் ஆய்வுக்கு அடிப்படை இந்நூலே.

1960-களில் ஷான் ஓ'ரியாடா தம் இசைக்குழுவுடன் கேரலனை மேடைக்குக் கொண்டுவந்தார். உலோகக் கம்பி ஹார்ப்பின் ஒலிக்கு நெருக்கமானது என்று கருதி ஹார்ப்சிகார்டு என்னும் விசைக்கருவியை வாசித்தார். 1972-ல் தொடங்கிய நாட்டாரிசைக் குழு 'பிளாங்ஸ்டி' என்றே பெயர் வைத்துக்கொண்டது. சீஃப்டன்ஸ் குழுவின் டெரெக் பெல் 1975-ல் கேரலனின் மெட்டுகளுக்கெனத் தனி இசைத்தட்டு வெளியிட்டார். அயர்லாந்தின் ஐம்பது பவுண்டு நோட்டில் அவருடைய உருவம் அச்சிடப்பட்டது. ராஸ்காமன் மாவட்டத்தின் கீடூ ஊரில் அவர் பெயரில் ஹார்ப் விழா ஆண்டுதோறும் நடக்கிறது.

இதே காலத்தில் ஆன் ஹேமன் போன்ற கலைஞர்கள் கம்பி ஹார்ப்பை மீண்டும் நகத்தால் மீட்டிப் பழகினர். பன்டிங்கின் குறிப்புகளைக் கொண்டு, மறந்துபோன அடக்குமுறைகளையும் விரலமைப்புகளையும் தேடினர். கேரலனின் கீழ் வரிகளை அவர்களால் திரும்பப் பெற முடியாது. எனினும் அவை ஒலித்த கருவியின் குரலை மீட்டிருக்கிறார்கள்.

மதிப்பீடு

கேரலனைக் கடைசிப் பாணர் என்று கொண்டால் அவர் குறைபாடுகள் நிறைந்தவராகவே தோன்றுவார். வாசிப்பில் நடுத்தரம், கவிதையில் வாய்ப்பாடு, மரபில் கலப்படம் என்று குறை சொல்லலாம். ஹெம்ப்சன் போன்றவர்களின் அளவுகோல் அதுவே. அந்த அளவுகோலின்படி அவர்கள் சொன்னதில் தவறில்லை.

மெட்டு அமைப்பவர் என்ற நிலையில் பார்க்கும்போது படம் மாறுகிறது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாதவர், அவர் பெயரில் ஓர் இசை உருவத்தைச் செய்தார். அதைக் கேட்பவருக்கு அந்த மனிதர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. ஃபேனி பவர் யார் என்று அறியாதவர்களும் அந்த மெட்டை விரும்பி வாசிக்கின்றனர். புகழ்ந்து பாடப்பட்ட பிரபுக்களின் மாளிகைகள் பல இடிந்துவிட்டன. வாழ்த்திய சொற்களும் மறைந்தன. கூலிக்காக அமைத்த மெட்டு எவருக்கும் உரிய மெட்டாக மாறியது.

கேரலனின் இருநூற்றுச் சொச்சம் மெட்டுகளும் ஒரே தரத்தவை அல்ல. அவசரமாக அமைத்தவை, ஒன்றையொன்று ஒத்தவை, இத்தாலியரைப் பின்பற்றியவை எனப் பல உண்டு. ஆயினும் இருபது முப்பது மெட்டுகள் எந்தக் கருவியிலும் எந்த நாட்டிலும் தங்கள் இயல்பை இழக்காமல் நிற்கின்றன. விரல் எட்டாத உயரத்தை மனத்தால் எட்ட முயன்ற இளைஞனுக்கு ரெனால்ட்ஸ் வீட்டில் கிடைத்த அறிவுரை சரியானது என்பதற்கு அவையே சான்று.